பொய்த் தரவு என்று சந்தேகம் வந்தால்: மலையில் ஆய்வு செய்கிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பிஎச்.டி. செய்யும் பிள்ளைகள் கொஞ்சம் பழகிய பிறகு தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்பார்கள். “இந்த அட்டவணையில் இருக்கும் எண்களை யாரும் அளந்த மாதிரியே தெரியவில்லை. நான் என்ன செய்யட்டும்?” சிலருக்குச் சீனியர் மேல் சந்தேகம், சிலருக்குக் கைடு மேல், சிலருக்கு எங்கோ அச்சான ஒரு கட்டுரை மேல். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எல்லாப் படிகளுக்கும் அடியில் இருப்பது ஒரே விதி: முதலில் மூலப் பதிவைத் தேடுங்கள், ஆளைப் பற்றிப் பேசுவது அதற்கு அப்புறம். வயலில் எழுதிய தாள், கருவியிலிருந்து நேராக வந்த கோப்பு, பேட்டியின் ஒலிப்பதிவு, ஒப்புதல் படிவம், மாதிரிகள் வந்து சேர்ந்த ரிஜிஸ்டர் எல்லாமே மூலப் பதிவுகள்தான்.

இந்த மலைகளில் ஆய்வு காகிதத்தோடு நிற்பதில்லை. உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழுவை இந்தியாவில் முதலில் கண்டது நீலகிரியில்தான், 1961இல். எந்த ரகம் அதைத் தாங்கும், எத்தனை பருவம் மாற்றுப் பயிர் போட வேண்டும் என்று ஆய்வு சொன்னதை நம்பித்தான் இங்கே விவசாயிகள் நிலத்தில் இறங்குகிறார்கள். நடத்தாத ஒரு சோதனையை நடத்தியதாக யாராவது எழுதினால், அதன் விலையை ஒரு பருவ வருமானமாகக் கொடுப்பவர் கட்டபெட்டிலோ பூம்பாறையிலோ இருக்கும் ஒரு குடும்பத்தலைவர். ஆகவே இதை உள் விவகாரம் என்று விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை.

படி 1: பிழையா, மோசடியா என்று பிரித்துப் பாருங்கள்

ஆய்வு மோசடி என்று பொதுவாக மூன்றைச் சொல்கிறார்கள். அளக்காததை அளந்ததாக எழுதுவது இட்டுக்கட்டல். அளந்ததை மாற்றுவதும், பிடிக்காத எண்களைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுவதும், படத்தை வெட்டி ஒட்டுவதும் திரித்தல். அடுத்தவர் எழுத்தையோ யோசனையையோ பெயர் சொல்லாமல் எடுத்துக்கொள்வது கருத்துத் திருட்டு. தெரிந்தோ, பொறுப்பே இல்லாத அலட்சியத்தோடோ செய்திருந்தால்தான் இவை மோசடி. கை தவறி வந்த பிழை இதில் சேராது. ஒரே தரவுக்கு இரண்டு பேர் இரண்டு விளக்கம் சொல்வதும் சேராது.

இரண்டு கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் புரியும். கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற பொருளாதார அறிஞர்கள் 2010இல் அரசுக் கடன் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். பல நாடுகளின் கொள்கை விவாதங்களில் அது அடிபட்டது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன் வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார், விடை ஒத்துவரவில்லை. ஆசிரியர்களுக்கு எழுதிக் கேட்டார். அவர்கள் எக்செல் கோப்பை அனுப்பி வைத்தார்கள். சராசரி எடுக்கும் ஃபார்முலாவில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. 2013இல் அது வெளியானதும் அந்தப் பிழையை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். மற்ற விஷயங்களில் வாதம் தொடர்ந்தது, அது வேறு.

இன்னொரு கதை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் நடந்தது. யான் ஹென்ட்ரிக் ஷோன் என்ற இளம் இயற்பியலாளர் 2001 வாக்கில் சராசரியாக எட்டு நாளுக்கு ஒரு கட்டுரை என்ற வேகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். வெவ்வேறு சோதனைகள் என்று அவர் காட்டிய வரைபடங்களில் சின்னச் சின்ன இரைச்சல் கோடுகள்கூட அச்சு அசலாக ஒன்றாக இருப்பதை வெளியிலிருந்த இயற்பியலாளர்கள் கவனித்தார்கள். விசாரணைக் குழு மூலக் கோப்புகளைக் கேட்டது. கணினியில் இடம் போதாமல் அழித்துவிட்டதாகச் சொன்னார். லேப் நோட்டும் இல்லை. 2002இல் குழு அவர் மோசடி செய்ததாக முடிவு சொன்னது.

இரண்டு இடத்திலும் கேட்டது ஒரே கேள்வி. ஒரு இடத்தில் கோப்பு வந்தது, இன்னொரு இடத்தில் சாக்கு வந்தது. நீங்களும் அந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும்.

படி 2: முதலில் உங்கள் சொந்தப் பதிவைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள்

அடுத்தவர் தாளைக் கேட்கப் போகிறவரிடம் அவருடைய தாள் இருக்க வேண்டும். கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தைவிட நல்ல முன்மாதிரி இதற்கு எனக்குத் தெரிந்து பக்கத்தில் இல்லை. அங்கே 1904 முதல் சூரியனைப் படமெடுத்துக் கண்ணாடித் தட்டுகளிலும் ஃபிலிமிலும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இப்போது அவற்றை டிஜிட்டலாகவும் மாற்றியிருக்கிறார்கள். ஜான் எவர்ஷெட் 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்ததும் அதே இடத்தில்தான். இன்றைக்கு ஒருவர் நூறு வருடத்துக்கு முந்தைய சூரியப் புள்ளியை மறுபடி அளந்து பார்க்கலாம். இதில் நான் மிகவும் மதிப்பது இன்னொன்று. மேகம் மூடி படமெடுக்க முடியாத நாள்கள் அந்த வரிசையில் இடைவெளியாகவே இருக்கின்றன. யாரும் அவற்றை இட்டு நிரப்பவில்லை.

உங்கள் நோட்டிலும் அப்படித்தான் இருக்க வேண்டும். மழையால் போக முடியவில்லை, யானை நின்றதால் மூன்றாவது பிளாட்டைப் பார்க்காமல் திரும்பினோம், தெர்மாமீட்டர் உடைந்தது என்றால் அதை அப்படியே எழுதுங்கள். பக்க எண் போட்ட நோட்டு, கிழிக்கக் கூடாது. தவறாக எழுதியதை ஒரே கோடு போட்டு அடியுங்கள், அடியில் இருப்பது படிக்கும்படி இருக்கட்டும். ஜூன் முதல் இங்கே காகிதம் பூஞ்சை பிடிக்கும், ஜெல் பேனா மை கரைந்து ஓடும். பென்சிலோ நனையாத மையோ பயன்படுத்துங்கள். ஒவ்வொரு சாயங்காலமும் அன்றைய தாளைப் போனில் படமெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கு நீங்களே அனுப்பிவிடுங்கள். தேதியோடு ஒரு சாட்சி உருவாகிவிடும். எக்செலில் ஏற்றிய முதல் கோப்பைத் தொடாமல் தனியாக வையுங்கள், திருத்தம் எல்லாம் நகலில்.

படி 3: மூலத்தைக் கேளுங்கள், மரியாதையாக

நம் ஊர் லேபில் “சார், இது உண்மைத் தரவா?” என்று ஒரு மாணவி கேட்டுவிட்டு அங்கேயே படிப்பைத் தொடர முடியாது. அப்படிக் கேட்கவும் தேவையில்லை. மூலத்தைக் கேட்க நேர்மையான காரணங்கள் எப்போதும் இருக்கின்றன. “சார், மூன்றாவது அட்டவணைக்கான ஃபீல்டு ஷீட்டை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்க்கணும். எந்த பீரோவில் இருக்குன்னு சொன்னீங்கன்னா நானே ஸ்கேன் பண்ணிக்கிறேன்.” “மேடம், வைவாவில் கேட்டால் காட்டுவதற்குக் கருவியின் அசல் கோப்பு வேண்டும்.” வாயால் கேட்ட பிறகு அதையே இரண்டு வரி மின்னஞ்சலாகவும் அனுப்புங்கள். பதில் என்னவாக இருந்தாலும் உங்கள் கையில் தேதியுடன் ஒரு பதிவு இருக்கும்.

மூலம் வந்து, பொருந்தினால் விஷயம் முடிந்தது, உங்கள் வேலையைப் பாருங்கள். பாதி வந்தால் மீதியைக் கேளுங்கள். ஊழியர் மாறியதில் தொலைந்தது, ஹார்டு டிஸ்க் கெட்டது என்பதெல்லாம் உண்மையாகவும் நடக்கும், அதனால் ஒரு தடவை தொலைந்ததை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள். கேட்கும்போதெல்லாம் தொலைந்திருந்தால் அது வேறு.

ஒரு எச்சரிக்கை மட்டும் கூடுதலாக. தரவை யாரோ சேகரித்து முடித்து, தட்டில் வைத்து உங்களிடம் கொடுத்தால் நிறுத்தி யோசியுங்கள். நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தில் டீடரிக் ஸ்டாபெல் என்ற உளவியல் பேராசிரியர் பள்ளிகளில் தானே போய்க் கேள்வித்தாள் கொடுத்து வாங்கி வந்ததாகச் சொல்லி, முடிந்த கோப்பை மாணவர்களிடம் தருவார். எந்தப் பள்ளி, யார் நிரப்பினார்கள் என்று யாருக்கும் தெரியாது. பல கோப்புகள் அவரே உட்கார்ந்து எழுதியவை. 2011இல் அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் மூன்று இளம் ஆய்வாளர்கள். அவருடைய ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. தோடர் மந்திலோ, இருளர் குடியிருப்பிலோ, பளியர் கிராமத்திலோ எடுத்த சர்வே என்று ஒரு கோப்பு உங்களிடம் வந்தால், ஒப்புதல் படிவங்களைப் பாருங்கள், கூடப் போன உள்ளூர்க்காரர் யார் என்று கேளுங்கள். சொல்லாத வார்த்தையை அந்த மக்கள் சொன்னதாக எழுதுவது அவர்களுக்குச் செய்யும் நேரடி அநியாயம்.

படி 4: உட்கார்ந்து சோதித்துப் பாருங்கள்

இதுதான் நேரம் எடுக்கும் படி. அவசரப்படாமல் செய்யுங்கள்.

இடமும் காலமும் பொருந்துகிறதா என்பதில் தொடங்குங்கள். இங்கே வாழ்கிற உங்களுக்கு இதில் பெரிய பலம் உண்டு. நீலகிரியின் உச்சி தொட்டபெட்டா, 2,637 மீட்டர். 2,800 மீட்டரில் நீலகிரியில் மண் எடுத்தேன் என்று அட்டவணை சொன்னால் ஜிபிஎஸ் கோளாறு, அல்லது யாரும் போகவில்லை. 2019 ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த நாள்களில் அந்தப் பக்கம் வழக்கம்போல் மாதிரி எடுத்ததாகத் தேதி இருந்தால் கேட்க வேண்டிய கேள்விதான். 2020 மார்ச் 25இல் தொடங்கிய ஊரடங்கு வாரங்களின் தேதிகளும் அப்படியே. தேயிலையில் கொப்புள நோய் ஈரமும் மேகமும் கூடிய மாதங்களில் ஏறும், சிவப்புச் சிலந்தி வறண்ட மாதங்களில். வரைபடம் இதற்கு நேர்மாறாக ஓடினால் காரணம் கேளுங்கள். குறிஞ்சி 2006இலும் 2018இலும் மலை முழுக்கப் பூத்தது. 2012இல் அதே அளவில் பூத்ததாக ஒரு கணக்கெடுப்பு சொன்னால் சந்தேகிக்கலாம். ஆனால் வேறு குறிஞ்சி இனங்களுக்கு வேறு சுழற்சி உண்டு, சில சரிவுகளில் இடைப்பட்ட ஆண்டுகளிலும் பூக்கும். அதைப் பார்க்காமல் யாரையும் குறை சொல்லிவிடக் கூடாது.

காட்டுக்குள் நடந்த வேலைக்குக் காகிதச் சுவடு கட்டாயம் இருக்கும். முக்குறுத்தி தேசியப் பூங்காவிலோ கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்திலோ ஆய்வு செய்ய வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதிக் கடிதத்தின் தேதி, ஜீப்பின் டிரிப் ஷீட், கேமரா டிராப் படங்களுக்குள் பதிந்திருக்கும் நேரம், உலர்த்தி ஒட்டிய செடி மாதிரியின் சீட்டு, இவை எல்லாம் ஒன்றோடொன்று பேச வேண்டும்.

இந்த இடச் சோதனையை யாரும் செய்யாமல் விட்டதால் என்ன ஆனது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு கதை இருக்கிறது. பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் வி.ஜே. குப்தா இமயமலையில் எடுத்ததாகச் சொல்லிப் புதைபடிவங்களைப் பற்றி இருபத்தைந்து வருடம் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதினார். பெயர்பெற்ற பல அறிஞர்கள் இணை ஆசிரியர்களாகச் சேர்ந்தார்கள். படிவங்கள் அவர்கள் மேசைக்கு வந்தன, எடுத்த இடத்துக்கு அவர்கள் போகவில்லை. 1989இல் ஆஸ்திரேலியாவின் ஜான் டேலன்ட், நேச்சர் இதழில், அவற்றில் சில மொராக்கோ போன்ற தூர நாட்டுப் படிவங்கள் என்று எழுதினார். இமயமலை நிலவியல் தரவில் எதை நம்புவது, எதை விடுவது என்ற குழப்பம் அதன் பிறகும் வெகுகாலம் நீடித்தது. இணை ஆசிரியராகக் கையெழுத்துப் போடும் முன் “எந்த இடம், யார் எடுத்தது?” என்று ஒருவராவது விடாமல் கேட்டிருந்தால் இத்தனை வருடம் போயிருக்காது.

அடுத்தது எண்கள். எளிய ஒரு சோதனையை நிக் பிரவுன், ஜேம்ஸ் ஹெதர்ஸ் என்ற இருவர் உருவாக்கினார்கள், கிரிம் சோதனை என்று பெயர். முழு எண்களாக எண்ணியவற்றின் சராசரி எந்த எண்ணாகவும் இருக்க முடியாது என்பதுதான் அதன் அடிப்படை. 20 தேயிலைச் செடிகளில் நோய் பிடித்த கொழுந்துகளை எண்ணினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 148 என்றால் சராசரி 7.40. 149 என்றால் 7.45. நடுவில் எதுவும் கிடையாது. அட்டவணையில் 7.43 என்று இருந்தால் செடிகளின் எண்ணிக்கையோ சராசரியோ தவறு. இரண்டு தசம இடம் கொடுத்திருக்கும்போது, எண்ணிக்கை நூறுக்குக் கீழே இருந்தால்தான் இந்தச் சோதனை பலிக்கும். ஒரு பொருத்தமின்மை அச்சுப் பிழையாக இருக்கலாம், அட்டவணை முழுக்க வந்தால் மூலத்தைக் கேட்கக் காரணம் ஆயிற்று.

கடைசி இலக்கங்களைப் பார்ப்பது இன்னொரு வழி. இங்கேதான் நிறையப் பேர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். தோட்டத்தில் கொழுந்து எடை போடுகிறவர் அரை கிலோவுக்கு முழுமையாக்கித்தான் எழுதுவார். ஆகவே எல்லாம் 0இலும் 5இலும் முடிவது பொய்யின் அடையாளமாகாது, ஒரு மனிதர் தராசைப் பார்த்து எழுதியதன் அடையாளம். அது இல்லாமல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். 2012இல் அமெரிக்க அறிவியல் அகாதெமியின் இதழில் நேர்மையைப் பற்றியே ஒரு கட்டுரை வந்தது. படிவத்தின் மேலே கையெழுத்து வாங்கினால் கார் ஓட்டிய தூரத்தை மக்கள் உண்மையாகச் சொல்கிறார்கள் என்றது. 2021இல் சிலர் அதன் கோப்பைத் திறந்து பார்த்தார்கள். பாதி எண்கள் கலிப்ரி எழுத்துருவில், பாதி கேம்பிரியாவில். கலிப்ரியில் இருந்தவற்றில் மனிதர்கள் செய்வது போல நூறுகளுக்கு, ஆயிரங்களுக்கு முழுமையாக்கிய எண்கள் நிறைய, கேம்பிரியாவில் அந்தப் பழக்கமே இல்லை. ஓட்டிய தூரமோ 0 முதல் 50,000 மைல் வரை சமமாகப் பரவி, அதற்கு மேல் ஒருவர்கூட இல்லாமல் வெட்டினாற்போல் நின்றது. அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. எண்ணை எழுதியது கையா கருவியா, எந்த நிலையில் எழுதியது என்று தெரியாமல் இலக்கச் சோதனையில் இறங்காதீர்கள்.

எக்செலில் வேறு சில சுவடுகளும் கிடைக்கும்: ஒரு பிளாட்டின் பத்து வரிசையும் இன்னொரு பிளாட்டில் அப்படியே திரும்ப வருவது, இரண்டு பத்திகளின் வித்தியாசம் எல்லா வரியிலும் ஒன்றாகவே இருப்பது, நியமவிலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) எல்லா ரகத்துக்கும் ஒரே எண்ணாக இருப்பது. கேரட்டும் முட்டைக்கோசும் அவ்வளவு ஒழுங்காக வளராது.

கருவி தரும் முடிவுகளில், மலைச் செடிச் சாறுகளைப் பற்றிய கட்டுரைகளைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். கொடைக்கானல் மலைப்பூண்டிலிருந்து நம் சோலைச் செடிகள் வரை எதை எடுத்தாலும் ஜிசி-எம்எஸ் (சாற்றில் உள்ள சேர்மங்களைப் பிரித்து அடையாளம் காட்டும் கருவி) பட்டியல் ஒன்று போட்டு, கருவியின் நூலகம் காட்டும் பெயர்களை எல்லாம் ‘மருத்துவக் குணமுள்ள சேர்மங்கள்’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் சிலாக்ஸேன் என்று முடியும் பெயர்கள் வந்தால் அவை பெரும்பாலும் கருவியின் குழாய்ப் பூச்சிலிருந்து கசிந்தவை. தாலேட் வந்தால் பிளாஸ்டிக் டப்பாவிலிருந்தோ கரைப்பானிலிருந்தோ வந்திருக்க வாய்ப்பு அதிகம். இதில் மோசடியைவிட அறியாமைதான் அதிகம் என்பது என் கணிப்பு. ஆனால் இரண்டு வெவ்வேறு செடிகளுக்குக் கருவி வரைந்த கோட்டின் உச்சிகளும் அவை வந்த நேரங்களும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் அறியாமை என்று சொல்ல முடியாது. கோயம்புத்தூருக்கு மாதிரி அனுப்பியிருந்தால் பில், ரன் தேதி, மாதிரிக் குறியீடு இருக்கும். அவற்றைக் கேளுங்கள்.

படங்களுக்கு உங்கள் கண்ணே போதும். எலிசபெத் பிக்கும் இரண்டு சக ஆய்வாளர்களும் உயிரியல் கட்டுரைகள் 20,621ஐப் பார்த்து 2016இல் வெளியிட்ட முடிவு: 3.8 சதவீதத்தில் பொருந்தாத நகல் படங்கள், அதில் குறைந்தது பாதி வேண்டுமென்றே செய்தது போன்ற அடையாளங்களோடு. திருப்பி வைத்தது, கண்ணாடிப் பிம்பமாக்கியது, பெரிதாக்கி ஓரத்தை வெட்டியது என்று தேடுங்கள். வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் கூட்டினால் ஒட்டிய கோடு தெரியும். பாக்டீரியாத் தட்டுப் படங்களில் ஒரே கீறலும் ஒரே குமிழியும் வெவ்வேறு சோதனைகளில் தென்படுகிறதா என்று பாருங்கள்.

காசுக்குக் கட்டுரை எழுதித் தருகிறோம், ஆசிரியர் பெயரில் இடம் விற்கிறோம் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. பதில் எழுதாமல் தடுத்துவிடுங்கள். முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி தன் 2022 விதிமுறைகளில் எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் இன்னும் கேட்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: கண்டதை மட்டும் எழுதுங்கள்

இரண்டு பக்கம் போதும். எந்தக் கட்டுரை, எந்த அட்டவணை, எந்த வரி, என்ன பொருந்தவில்லை, அதை யார் வேண்டுமானாலும் எப்படிச் சரிபார்க்கலாம், மூலத்தை எப்போது கேட்டீர்கள், என்ன பதில் வந்தது. “அவர் ஏமாற்றினார்” என்று எழுதாதீர்கள். “இரண்டாம் அட்டவணையின் 4 முதல் 13 வரையிலான வரிகள் ஐந்தாம் அட்டவணையிலும் அதே வரிசையில் உள்ளன. இதற்கான மூலத் தாளைப் பார்க்க வேண்டுகிறேன்” என்று எழுதுங்கள். நோக்கத்தைக் கண்டுபிடிப்பது விசாரணைக் குழுவின் வேலை.

லேப் வாட்ஸ்அப் குழுவிலும் முகநூலிலும் ஒரு வார்த்தை வேண்டாம். அவதூறு, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் வருகிறது. அதே பிரிவில், அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு புகார் கொடுப்பதற்கு விலக்கும் இருக்கிறது. சரியான கதவைத் தட்டுவது முறையும் ஆகிறது, உங்களுக்குப் பாதுகாப்பும் ஆகிறது.

படி 6: யாரிடம் போவது

முதலில் இந்த விவகாரத்தில் சம்பந்தமில்லாத ஒரு மூத்தவரிடம் காட்டுங்கள். வேறு துறைப் பேராசிரியராக இருக்கலாம், ஓய்வுபெற்றவராகவும் இருக்கலாம். உங்கள் கணக்கில் ஓட்டை இருந்தால் அவர் கண்ணில் படும்.

கருத்துத் திருட்டு என்றால் வழி தெளிவாக இருக்கிறது. யுஜிசியின் 2018 விதிமுறைகளின்படி ஒவ்வொரு துறையிலும் ஒரு நேர்மைக் குழு, அதற்கு மேல் நிறுவன அளவில் ஒரு குழு. ஆதாரத்தோடு புகார் துறைக் குழுவுக்குப் போக வேண்டும். அவர்களுக்கு 45 நாள், நிறுவனக் குழுவுக்கு இன்னொரு 45 நாள். ஆய்வேட்டில் அடுத்தவர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும், 60 வரை என்றால் ஓராண்டு தடை, அதற்கு மேல் பதிவே ரத்து. துறைத் தலைவரே துறைக் குழுவின் தலைவர். புகார் அவரைப் பற்றியதாக இருந்தால் நேராக நிறுவனக் குழுவுக்கு எழுதி, காரணத்தையும் சொல்லிவிடுங்கள்.

இட்டுக்கட்டிய தரவுக்கு அந்த விதிமுறை உதவாது. அது நகலெடுத்த எழுத்தைப் பற்றியது. தானே உட்கார்ந்து எழுதிய பொய் எண்கள் சிமிலாரிட்டி ரிப்போர்ட்டில் பூஜ்யம் சதவீதமாக வந்து நிற்கும். அமெரிக்காவில் ஆய்வு நேர்மைக்கென்று இருப்பது போன்ற தனி அரசு அலுவலகம் நமக்கு இல்லை. இது பெரிய குறை, சீக்கிரம் தீர வேண்டும் என்று நினைக்கிறேன். இப்போதைக்கு நிறுவனத் தலைவருக்கு எழுத வேண்டும், பல்கலைக்கழகம் என்றால் பதிவாளருக்கு நகல். திட்டத்துக்குப் பணம் கொடுத்தது டிஎஸ்டியோ, டிபிடியோ, ஐசிஎம்ஆரோ போன்ற மத்திய அரசு அமைப்பு என்றால் அவர்களுக்கும் ஒரு நகல். கட்டுரை அச்சாகியிருந்தால் ஆய்விதழின் ஆசிரியருக்கு எழுதுங்கள். பொறுப்பான இதழ்கள் முதலில் கட்டுரை ஆசிரியரிடம் விளக்கம் கேட்கும், அப்புறம் நிறுவனத்துக்கு எழுதும். மாதங்கள் ஆகும்.

அரசு நிறுவனமோ அரசு உதவி பெறுவதோ என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில். “மோசடி நடந்ததா?” என்று கேட்டால் ஒன்றும் வராது. ஆவணத்தைக் கேளுங்கள்: இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை கருவி லாக் புத்தகத்தின் நகல், மாதிரிப் பதிவேட்டின் நகல், இந்த ஆய்வுக்கு வனத்துறை கொடுத்த அனுமதியின் நகல், என் புகாரின் மேல் எடுத்த நடவடிக்கை.

படி 7: உங்களையும் கூடப் போனவர்களையும் காப்பாற்றிக்கொள்ளுங்கள்

புகாருக்கு முன் உங்கள் ஃபெலோஷிப் எந்த மாதம் முடிகிறது, கைடை மாற்ற என்ன விதி, யார் சம்மதம் வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் தரவின் முழு நகல் லேபுக்கு வெளியே இருக்கட்டும். பேச்சு எல்லாம் முடிந்த அன்றே தேதியோடு குறிப்பெழுதுங்கள். வீட்டில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும். இது தனியாகச் சுமக்கிற பாரம் இல்லை.

ஃபீல்டு அசிஸ்டன்ட்களை மறந்துவிடாதீர்கள். உண்மையில் யார் எந்த மலைக்கு ஏறினார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். தினக்கூலிக்கு வரும் ஒரு வாட்சரோ, வழி காட்டும் பளியர் அண்ணனோ உங்களிடம் நம்பிச் சொன்னதை அவர் அனுமதி இல்லாமல் புகாரில் எழுதினால், அடுத்த வாரம் வேலை போவது அவருக்குத்தான். டிரிப் ஷீட்டும் கூலி மஸ்டர் ரோலும் அதையே சொல்லும் என்றால் அந்தக் காகிதங்களை மட்டும் சுட்டிக் காட்டுங்கள்.

படி 8: முடிவு வந்த பிறகு

திரும்பப் பெறுவது சட்டென்று நடக்காது. தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை, 12 குழந்தைகளை வைத்து எழுதியது, 1998இல் லான்செட்டில் வந்தது. அது திரும்பப் பெறப்பட்டது 2010இல். 1907 முதல் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இயங்கும் குன்னூரில் தடுப்பூசியின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. உலகின் எத்தனையோ ஊர்களில் அந்தப் பன்னிரண்டு வருடப் பயம் இன்னும் போகவில்லை. அதனால் தாமதத்தைப் பார்த்து ஒதுங்கிவிடாமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணிவாக நினைவூட்டுங்கள்.

உங்கள் ஆய்வேட்டின் மேற்கோள் பட்டியலைச் சமர்ப்பிக்கும் முன் ஒருமுறை, திரும்பப் பெற்ற கட்டுரைகளைத் தொகுத்து வைத்திருக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் தேடிப் பாருங்கள், இலவசம்தான். மேற்கோள்களைச் சேர்த்து வைக்கும் ஸொட்டேரோ மென்பொருளைப் பயன்படுத்தினால் திரும்பப் பெற்ற கட்டுரையை அதுவே குறித்துக் காட்டும். சந்தேகத்துக்குரிய கட்டுரையில் உங்கள் பெயரும் இருந்தால் காத்திருக்காமல் நீங்களே ஆசிரியருக்கு எழுதி, எந்தப் பகுதி உங்களுடையது, எதற்கு மூலம் உங்களிடம் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம், அந்த ஆய்வை நம்பி ஒரு மருந்தோ உரமோ ரகமோ விவசாயிகளிடம் போயிருந்தால், அது எந்தக் கிராமங்களுக்குப் போனது என்ற பட்டியலை நிறுவனத்திடம் கேளுங்கள். பரிந்துரை வாபஸ் என்ற கடிதத்தைத் தோட்டக்கலைத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கும், பயிற்சி நடந்த ஊர்களுக்கும் தமிழில் எழுதி அனுப்ப வைக்க வேண்டும். ஆய்விதழின் அறிவிப்பு ஆங்கிலத்தில் வரும், அதுவும் ஆய்வாளர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். அடுத்த நடவுக்கு முன் கடிதம் ஊருக்குப் போகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.